எனக்கு மட்டும் பங்கு வேண்டாம், எல்லோருக்கும் கேட்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சாரம் இது.

வயது 47. மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 24 வருஷ சர்வீஸ். லேத் ஆபரேட்டராகச் சேர்ந்தவர், இப்போது புரொடக்‌ஷன் முழுக்க இவர் பொறுப்பு. மாதச் சம்பளம் 65,000 ரூபாய். நிரந்தர ஊழியர்கள் 62 பேர். முதலாளிக்கு எழுபது நெருங்குகிறது. மகன் கனடாவில், மகள் டாக்டர், இருவருக்கும் தொழிலில் நாட்டமில்லை. வெளியூர்க் கம்பெனி ஒன்று இரண்டு தடவை வந்து ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஆயுத பூஜை அன்று பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் இவரை ஓரமாக அழைத்து, "விக்க மனசு வரலைப்பா. உனக்கு மூணு சதவீதம் எழுதித் தர்றேன், இருந்து பாத்துக்கோ" என்றிருக்கிறார்.

இவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு நாலு பேர் கூடிப் பேசியதில் வேறு யோசனை வந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு லட்சம் போட்டு எல்லோருமாகக் கம்பெனியை வாங்கினால் என்ன? சிலர் பி.எஃப். பணத்தை எடுக்கத் தயார், சிலர் வீட்டு நகையை அடகு வைக்கத் தயார். இது சட்டப்படி முடியுமா, கம்பெனிக் கடன் எங்கள் வீட்டு வாசலுக்கு வருமா, பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று மூன்று கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "மூணு சதவீதத்தை நான் மட்டும் வாங்கினா, நாளைக்கு கேன்டீன்ல எப்படி உக்காந்து சாப்பிடுவேன்?"

நீங்கள் கேள்வி என்று எண்ணிட்டு எழுதியவை மூன்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதற்கும் வருகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைக்கிறவர்கள் கம்பெனியில் பங்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவர். கம்பெனிச் சட்ட வழக்கறிஞராக எத்தனையோ விற்பனைப் பத்திரங்கள் எழுதியிருக்கிறேன். உங்களுடையது போன்ற ஆலையை வாங்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது பிராண்டும் டீலர் லிஸ்டும்தான். மெஷின்களை லாரியில் ஏற்றிவிடலாம், ஆட்களை ஏற்ற முடியாது. அதனால் உங்கள் யோசனை கனவு காண்கிறவர்களின் யோசனை அல்ல. ஆனால் நீங்கள் அதை ஆரம்பித்திருக்கும் இடம் தப்பு. பணத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள்.

ஃபிரெஷ்வொர்க்ஸ் கதையை உங்கள் நண்பர்கள் உதாரணம் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் தொடங்கிய அந்த மென்பொருள் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். உண்மைதான். ஆனால் அங்கே பங்கை விற்க நினைத்த அன்று வாங்குவதற்கு ஒரு சந்தையே காத்திருந்தது. உங்கள் பங்கை யார் வாங்குவார்? பிரைவேட் கம்பெனிப் பங்கை வெளியாளுக்கு விற்க வேண்டுமானால் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற விதிப் புத்தகம் பெரும்பாலும் குறுக்கே நிற்கும். அது விட்டாலும், பம்ப் கம்பெனியில் 0.2 சதவீதம் வாங்க எவன் வருவான்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃபோர்மேன் என் ஆபீசுக்கு வந்தார். கேஸ் கனெக்‌ஷன் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பங்குச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். பன்னிரண்டு வருஷமாக ஒரு பைசா டிவிடெண்ட் வரவில்லை. முதலாளி மகன் அதே காம்பவுண்டுக்குள் தன் மனைவி பெயரில் இன்னொரு ஃபர்ம் ஆரம்பித்து, லாபம் தரும் ஆர்டரையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். ஃபோர்மேனிடம் பங்கு இருந்தது, கம்பெனியில்தான் ஒன்றும் இல்லை.

எதை வாங்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், ஒரு வாரம் போதும். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் சொற்பக் கட்டணம் கட்டி உங்கள் கம்பெனி தாக்கல் செய்த பாலன்ஸ் ஷீட்டுகளை எடுங்கள். எந்த வங்கிக்கு எந்தச் சொத்து அடமானம் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். பிறகு ஆலை நிற்கும் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அது தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்திலேயே தெரியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்து ஆலைகளில் நிலம் முதலாளியின் மனைவி பெயரில் இருக்கும், கம்பெனி அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும். பிராண்டோ முதலாளியின் சொந்தப் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவாகியிருக்கும். நீங்கள் கம்பெனிப் பங்கு மொத்தத்தையும் வாங்கினாலும் கையில் வருவது பழைய லேத்துகளும் வசூலாகாத பில்களும்தான். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகையும், பிராண்டைக் கம்பெனி பெயருக்கு மாற்றித் தரும் பத்திரமும் சேர்ந்து வந்தால்தான் விலையைப் பற்றிப் பேசவே வேண்டும்.

சட்டம் எங்கே இடம் தருகிறது

சின்னக் கம்பெனி என்பது தடை இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, ஊழியர்களுக்குப் பங்கு விருப்புரிமை தர எல்லாக் கம்பெனிக்கும் இடம் தருகிறது. ஈசாப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆண்டுக் கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்யும் பிரைவேட் கம்பெனிக்குப் பங்குதாரர்களின் சாதாரணத் தீர்மானமே போதும். இன்று ஒப்புக்கொண்ட விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை கிடைக்கும், ஆனால் குறைந்தது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஊழியர் இறந்துபோனால் அந்த உரிமை முழுவதும் வாரிசுகளுக்குப் போகும். வேலையை விட்டுப் போனால், இன்னும் கனியாத, அதாவது காத்திருப்புக் காலம் முடியாத உரிமை காலாவதி. நிரந்தர ஊழியர்களுக்குத்தான் இது. உங்கள் ஃபவுண்டரியில் கான்ட்ராக்டில் இருக்கும் பையன்களுக்கு இதில் இடமில்லை, அவர்களுக்கு வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

பிரைவேட் கம்பெனியில் 200 பேருக்கு மேல் உறுப்பினராக முடியாது என்று உங்கள் அக்கவுண்டன்ட் பயமுறுத்தியிருக்கிறார். நீங்கள் 62 பேர்தானே! தவிர, அந்தக் கணக்கில் ஊழியராக இருக்கும் பங்குதாரர்கள் சேர மாட்டார்கள். வேலையில் இருக்கும்போது பங்கு வாங்கி, ஓய்வுக்குப் பிறகும் வைத்திருப்பவர்களும் சேர மாட்டார்கள்.

ஆனால் உங்கள் நிலைமைக்கு ஆளுக்கு ஆள் பங்கு கொடுப்பதைவிட, எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஊழியர் அறக்கட்டளை வைத்து அதன் பெயரில் பங்கை வைத்திருப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லட்சம் என்றால் மொத்தம் 1 கோடியே 24 லட்சம். கம்பெனியின் மதிப்பு பத்துக் கோடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நகை நட்டெல்லாம் அடகு வைத்து நீங்கள் வாங்குவது பன்னிரண்டு சதவீதம். பத்து சதவீதம் இருந்தால், நிர்வாகம் அநியாயம் செய்தால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் முக்கால் பங்கு வாக்கு தேவைப்படும் ஒரு சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க வேண்டுமானால்கூட 25 சதவீதத்துக்கு மேல் வேண்டும். மிச்சம் 88 சதவீதம் வைத்திருப்பவர் நாளைக்கே அதை அந்த வெளியூர்க்காரருக்கு விற்றால் நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள், நகை மட்டும் பேங்க்கில் இருக்கும்.

அறக்கட்டளை வழி வேறு. கம்பெனி வருஷா வருஷம் லாபத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளைக்குத் தரும். அறக்கட்டளை அந்தப் பணத்தில் பெரியவரின் பங்குகளைத் தவணை தவணையாக வாங்கும். எட்டு, பத்து வருஷத்தில் பெரும்பான்மை கைமாறும். கம்பெனியே தன் பங்கை வாங்குகிறவருக்குப் பண உதவி செய்யக் கூடாது என்ற 67-ஆம் பிரிவுத் தடை பப்ளிக் கம்பெனிகளுக்கானது. ஓய்வு பெறுகிறவருக்கு அறக்கட்டளையே ஒரு சூத்திரப்படி கணக்கைத் தீர்த்து அனுப்பும். யாரிடம் விற்பது என்ற கேள்வி அப்போது எழாது. அந்தச் சூத்திரத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். "அப்புறம் பேசிக்கலாம்" என்று விட்ட எந்த விலையும் பிறகு பேசப்பட்டதை நான் பார்த்ததில்லை.

ஒரு குறை இருக்கிறது. அமெரிக்காவில் 1974 ஊழியர் ஓய்வூதியச் சட்டத்துக்குப் பிறகும், பிரிட்டனில் 2014-லிருந்தும், இப்படி ஊழியர் அறக்கட்டளைக்கு விற்கும் முதலாளிக்குத் தனி வரிச் சலுகைகள் உண்டாயின. நம் நாட்டில் அது இல்லை. தொழிலாளர்கள் நிர்வாகத்தில் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1976-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள், 43ஏ. சேர்த்ததோடு சரி. ஆகவே எவ்வளவு வரி வரும் என்று பெரியவரின் ஆடிட்டரும் உங்கள் பக்கத்து ஆடிட்டரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

கூட்டுறவுச் சங்கமாக மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாதது அல்ல. 1957-ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று வேலை இழந்தவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. வடகரைப் பக்கம் 1925-ல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் இன்று கேரளத்தில் பெரிய பாலங்களையும் சாலைகளையும் போடுகிறது. ஆனால் அவை சங்கமாகவே பிறந்தவை. ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியைச் சங்கமாக மாற்றுவதற்குள் உங்கள் ஓவர்டிராஃப்ட் லிமிட் புதுப்பிக்கும் தேதி வந்துவிடும்.

கடன் யார் தலையில்

முழுத் தொகையும் கட்டி வாங்கிய பங்குக்கு மேல் பங்குதாரருக்குப் பொறுப்பு கிடையாது. கம்பெனி திவாலானாலும் உங்கள் வீட்டைத் தொட முடியாது. அவ்வளவில் நிம்மதியாக இருங்கள். ஆனால் இப்போதைய வங்கிக் கடனுக்குப் பெரியவர் சொந்த ஜாமீன் போட்டிருப்பார். அவர் விலகும்போது, "அவருக்குப் பதில் யார்?" என்று மேனேஜர் கேட்பார். புரொடக்‌ஷன் இன்சார்ஜ் என்று எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கடன் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். எனவே பங்கு முழுவதும் கைமாறும் வரை பெரியவரின் ஜாமீன் நீடிக்கும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். அவர் தயங்குவார். அவருக்குக் கிடைக்கப்போகும் தவணையும் கம்பெனி ஓடினால்தான் வரும் என்பதால் அது நியாயமான கேள்விதான்.

இன்னொன்று. கம்பெனி முழுகினால் திவால் சட்டப்படி கடைசி 24 மாதத் தொழிலாளர் சம்பளப் பாக்கி, அடமானம் வைத்த வங்கிக்குச் சமமான வரிசையில் வரும். பங்குதாரர் வரிசையின் கடைசியில். தொழிலாளி என்ற முறையில் முதல் பெஞ்சில் இருக்கும் ஒருவர், பி.எஃப். பணத்தைப் பங்காக மாற்றினால் அந்தப் பணம் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் 1994-ல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள். 2002 டிசம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. வேலையும் சேமிப்பும் ஒரே கூடையில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து அடிபட்டன. பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ் மூன்றையும் இந்தப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நகையையும்தான்.

தயவுசெய்து நோட்டுப் போட்டு வசூல் ஆரம்பித்துவிட வேண்டாம். ஒருத்தர் மகள் கல்யாணத்துக்குப் பணம் திருப்பிக் கேட்பார், அன்று வசூலித்த கை உங்களுடையதாக இருக்கும்.

உங்கள் மூன்று சதவீதம்

பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அவர் நினைப்பது சட்டத்தில் உழைப்புப் பங்கு, அதாவது பணத்துக்குப் பதில் உழைப்புக்காகத் தரும் பங்கு, 54-ஆம் பிரிவு. மூன்று வருஷம் விற்க முடியாது. ஆனால் சும்மா கொடுத்தாலும் வருமான வரி சும்மா விடாது. மேலே சொன்ன பத்துக் கோடி மதிப்பில் மூன்று சதவீதம் முப்பது லட்சம். அது அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்காகும். உங்கள் 7.8 லட்சத்தோடு சேர்ந்தால், 2025-26 புதிய முறை விகிதப்படி ஏழு லட்சத்துக்கு மேல் வரி. கம்பெனி டி.டி.எஸ். பிடித்தாக வேண்டும். கையில் பணமாக ஒரு ரூபாய் வந்திருக்காது, கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம் வரியாகப் போயிருக்கும்.

இதையே சிறு சிறு பகுதியாக, பல பேருக்குப் பல வருஷங்களில் கொடுத்தால் கதை மாறுகிறது. அதே புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ஆறு லட்சம் சம்பளம் வாங்கும் ஒரு மோல்டருக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு சேர்ந்தாலும் வரி பூஜ்யம். உங்கள் மனசாட்சி சொல்வதும் ஆடிட்டர் சொல்வதும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம், இங்கே நிற்கிறது.

அதற்காக, "எனக்கு வேண்டாம்" என்று முறுக்கிக்கொள்ளவும் வேண்டாம். 24 வருஷ அனுபவத்துக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் கிடைப்பதில் தப்பில்லை. சர்வீஸ், சம்பளம் இரண்டையும் வைத்து ஒரு பங்கீட்டு அளவு எழுதுங்கள். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தயங்காத அளவாக எழுதுங்கள். அப்படி ஒட்டிவிட்டால் கேன்டீனில் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

பெரியவரிடம் பேசுவது

கூட்டமாகப் போகாதீர்கள், யூனியன் பேச்சுவார்த்தை மாதிரி ஆகிவிடும். மூன்று பேர் போங்கள். நீங்கள், அக்கவுண்டன்ட், ஷாப் ஃப்ளோரிலிருந்து எல்லோரும் நம்பும் ஒருவர். "எங்களுக்குக் கொடுங்கள்" என்று தொடங்க வேண்டாம். அவருக்கு மூன்று கவலை இருக்கும்: பணம் வந்து சேருமா, தன் பெயர் நிலைக்குமா, தான் போன பிறகு இவர்கள் அடித்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

லண்டன் ஜான் லூயிஸ் கடைகளை உதாரணமாகச் சொல்லலாம். அதன் முதலாளி ஸ்பீடன் லூயிஸ் 1929-ல் வியாபாரத்தை ஊழியர்களுக்கான அறக்கட்டளையில் வைத்தார், விலையை வட்டியில்லாமல் நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். கடையின் பெயர் அப்பாவின் பெயராகவே இன்றும் இருக்கிறது. அங்கே யாரிடமும் விற்கக்கூடிய தனிப் பங்கு இல்லை, லாபம் வந்தால் எல்லோருக்கும் சம்பளத்தில் ஒரே சதவீதம் போனஸ். லாபம் வராத வருஷமும் உண்டு, 1953-க்குப் பிறகு முதல் தடவையாக 2021-ல் போனஸ் இல்லை என்றார்கள். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்.

முதல் சந்திப்பில் பங்கைக் கேட்கவே வேண்டாம் என்பது என் யோசனை. மாதா மாதம் ஆர்டர், செலவு, வசூல், வங்கி பாக்கி நான்கையும் சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் காட்டும்படி மட்டும் கேளுங்கள். ஆறு மாதம் அந்தக் கணக்கைப் பார்த்துப் பழகிய பிறகு உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் கம்பெனியை வாங்கும் ஆசை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரியவருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்துவிடும். அந்த ஆறு மாதத்துக்குள் வெளியாருக்கு விற்க முடிவெடுத்தால் முதலில் ஊழியர்களிடம் கேட்ட பிறகே விற்பேன் என்று ஒரே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்காதீர்கள். பங்கு அவருடையது, அதனால் அவர் சொந்தப் பெயரில் முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது.

பாலன்ஸ் ஷீட்டும் நிலத்தின் வில்லங்க விவரமும் கிடைத்ததும் எழுதுங்கள். விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.